தூக்கிக்கலாம்மா என்று சொன்ன மகனுக்கு

போனில் நீ கேட்ட இரண்டு கேள்விகளுக்கும் முதலிலேயே பதில் சொல்லிவிடுகிறேன். நாடகத்தின் கடைசிக் காட்சியில் மஞ்சு பேசிய அந்த வசனத்தை நான்தான் சொல்லிக் கொடுத்தேனா என்று கேட்டாய். ஆமாம், நான்தான். பண்ருட்டியில் நாடகத்தை மறுபடி போட, அந்தச் சாய்வுப் பலகையை வேனில் ஏற்றி அனுப்புவாயா என்று கேட்டாய். மாட்டேன். இது மன்னிப்புக் கடிதம் என்று நினைத்துப் பிரித்திருந்தால் இங்கேயே மடித்து வைத்துவிடு. மன்னிப்புக் கேட்கும் அளவுக்கு நான் எதுவும் செய்யவில்லை. செய்ததைக் கொஞ்சம் முன்னாலேயே செய்திருக்கலாம் என்பதுதான் என் வருத்தம். இதன் நகல் ஒன்றை நம் நாடக மன்றத்து வாசலில் ஒட்டப் போகிறேன். உனக்குத் தெரிந்த கதையையும் இதில் சேர்த்துச் சொல்வது அங்கே நின்று படிக்கப் போகிறவர்களுக்காக. ஊருக்கெல்லாம் எதற்கு என்று கோபித்துக்கொள்வாய். கோபித்துக்கொள், ஒட்டத்தான் போகிறேன்.

அந்த மன்றம் ஒன்றும் பெரிய அரங்கு இல்லை. சுரங்க நகரியத்தின் ஓரத்தில் தகரக் கூரை, பிளாஸ்டிக் நாற்காலி, மழை பெய்தால் வசனம் கேட்காத கட்டடம். ஆனால் கல்யாணமாகி குவார்ட்டர்ஸுக்கு வந்த நாளிலிருந்து எனக்கு அதுதான் கொண்டாட்டம். ஃபர்ஸ்ட் ஷிப்ட் முடித்து வந்தவர்கள் குளித்துப் பவுடர் பூசிக்கொண்டு நடிக்க வருவார்கள். மேடையில் அப்பா திருநெல்வேலித் தமிழ் பேசுவார், அம்மா கோயம்புத்தூர்த் தமிழ் பேசுவாள், அவர்கள் பெற்ற பிள்ளை கடலூர்த் தமிழ் பேசுவான். இந்த ஊரில் அதைக் கேட்டு யாரும் சிரிக்க மாட்டார்கள், ஏனென்றால் நம் எல்லார் வீட்டுச் சமையலறையும் அப்படித்தான் பேசுகிறது. நடிகர்களுக்கு உடை தைத்துக் கொடுப்பது என் வேலை. தைத்து முடித்ததும் நானும் உன் அப்பாவும் நடு வரிசையில், மின்விசிறிக்கு நேர் கீழே உட்காருவோம். அவர் பண்ருட்டி முந்திரியை வறுத்துப் பொட்டலம் கட்டி எடுத்து வருவார். ராஜா வேஷக்காரருக்கு நான் தைத்த ஜரிகை அங்கியைப் பார்த்து யாராவது பின்னால் "சோக்கா கீதுப்பா" என்று சொன்னால், அன்று முழுக்க எனக்குத் தலை கால் புரியாது.

அப்புறம் அந்த மழை நாள். பண்ருட்டி சாலையில் ஸ்கூட்டர் சறுக்கியது, என் முதுகுத்தண்டு போனது, இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போனது. நீ அப்போது ஒன்பதாவது படித்தாய். அழுகைக் கதை உனக்கும் தெரியும், எனக்கும் அலுத்துவிட்டது. தையல் மெஷினுக்கு மோட்டார் பொருத்தி, காலால் மிதிக்க வேண்டிய பெடலை மேசை மேல் தூக்கி வைத்து, முழங்கையால் அழுத்தித் தைக்கப் பழகினேன். முதல் ரவிக்கை கோணலாக வந்தது. இரண்டாவது ஒழுங்காக வந்தது. மன்றத்துக்காரர்கள் மறுபடி துணி மூட்டையோடு வீட்டுக்கு வந்தார்கள். வேலை திரும்பி வந்த மாதிரி, நாடகமும் திரும்பி வரும் என்று நினைத்துக்கொண்டேன். மன்ற வாசலில் மூன்று படிகள் இருப்பதை நான் அதுவரை கவனித்ததே இல்லை. நடக்கிறவர்களுக்குப் படி கண்ணில் படுவதில்லை.

படியைப் பற்றிக் கேட்டால் எல்லாரும் ஒரே சொல்லைச் சொன்னார்கள். "அதுக்கென்னங்க, தூக்கிக்கலாம்." எவ்வளவு அன்பான சொல் பார். இந்தச் சொல்லைச் சொன்னவர்கள் ஒருவர்கூடக் கெட்டவர்கள் இல்லை. இரண்டு பேர் முன்னால், இரண்டு பேர் பின்னால், நாற்காலியோடு என்னைத் தூக்குவார்கள். யார் கை எங்கே படுகிறது என்று தூக்குகிறவர்களுக்குத் தெரியாது, எனக்குத் தெரியும். ஒருமுறை என் புடவைத் தலைப்பு சக்கரத்தில் மாட்டித் தோள்பட்டையில் கிழிந்தது. ஒருமுறை ஒருவர் "அக்கா நல்ல வெயிட்டுதான்" என்றார். எல்லாரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். என்னைக் கீழே போட்டுவிடக் கூடியவர்களிடம் எப்படி முறைப்பது? உள்ளே போனால் நடு வரிசைக்கு வழி கிடையாது. முதல் வரிசைக்கும் முன்னால், ஸ்பீக்கர் பெட்டிக்குப் பக்கத்தில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நாடகம் தொடங்கும் முன் சிறப்பு விருந்தினருக்குப் பொன்னாடை போர்த்தும்போது, கையோடு எனக்கும் ஒன்று போர்த்துவார்கள். நாடகம் பார்க்க வந்ததற்கு ஒருத்திக்குப் பொன்னாடை போர்த்துவது உலகத்தில் வேறெங்காவது உண்டா? மேடையில் சோகக் காட்சி வந்தால் பின்னால் இருப்பவர்கள் மேடையைப் பார்க்காமல் எட்டி எட்டி என் முகத்தைப் பார்ப்பார்கள், நான் அழுகிறேனா என்று. அங்கே எனக்கான கழிப்பறை கிடையாது என்பதால் காலையிலிருந்தே தண்ணீர் குடிக்க மாட்டேன். உன் அப்பா என் நாற்காலியின் பிடியைப் பிடித்துக்கொண்டு நாடகம் முழுக்க என் பின்னால் நின்றுகொண்டே இருப்பார். நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து நாடகம் பார்ப்பது அதோடு முடிந்தது. அவர் என்னைக் காவல் காத்தார், அவ்வளவுதான்.

அதனால் போவதை நிறுத்தினேன். தலைவலி, கண் எரிச்சல் என்று சாக்குச் சொல்லவில்லை. "படி இருக்குது, அதனால வரல" என்று கேட்டவர்களிடமெல்லாம் சொன்னேன். அவர்கள் காதில் அது "கூச்சமா இருக்குது" என்று விழுந்தது. ஆண்டுக் கணக்கில் நான் தைத்த உடைகள் அந்தப் படியில் ஏறிப் போய் நடித்துவிட்டு, வியர்வை நாற்றத்தோடு துவைக்க என்னிடம் திரும்பி வந்தன.

இப்போது உன் நாடகத்துக்கு வருகிறேன். ஓசூரில் வேலை கிடைத்துவிட்டது, கிளம்பும் முன் ஊருக்கு ஒரு நாடகம் போட்டுவிட்டுப் போகிறேன் என்றாய். என் கதையையே எழுதினாய். தையல் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து எனக்கு வாசித்துக் காட்டினாய். பெருமையாகத்தான் இருந்தது, இல்லையென்று சொன்னால் நாக்கு அழுகிவிடும். சாயம் போன நைட்டியில் அம்மா வருகிறாள் என்று எழுதியிருந்தாய். ஒரு டெய்லரம்மாவுக்குச் சாயம் போன நைட்டியா, போடா என்று அந்த வரியை அடித்துவிட்டு, மஞ்சுவுக்கு நீலக் கரைப் புடவை எடுத்தேன். கேன்டீனில் கான்ட்ராக்டில் வேலை பார்க்கும் அந்தப் பெண்தான் நானாக நடிக்கிறாள் என்றாய். என் பழைய சக்கர நாற்காலியையும் கேட்டு வாங்கிக்கொண்டு போனாய். எல்லாம் சரி. கடைசிக் காட்சியை வாசித்தபோதுதான் என் கை மெஷினில் நின்றது. மகன் வருகிறான், படிக்குக் கீழே தவிக்கும் அம்மாவை இரண்டு கையாலும் வாரித் தூக்குகிறான், தோளில் சாய்த்தபடி படியேறுகிறான், திரை விழுகிறது. "ஜனங்க எழுந்து நின்னு கை தட்டுவாங்கம்மா" என்றாய். யாருக்குத் தட்டுவார்கள் என்று கேட்டேன். உனக்குப் புரியவில்லை. "இது நான் உனக்குச் செய்யற மரியாதைம்மா" என்றாய். சரி, இந்த மரியாதையைப் பார்க்க நான் எப்படி உள்ளே வருவது என்று கேட்டேன். வாசித்த தாளிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் நீ சொன்னாய், "தூக்கிக்கலாம்மா."

ஊரார் சொன்னபோதெல்லாம் எரிச்சல்தான் வந்தது. நீ சொன்னபோது வலித்தது. என் வாழ்க்கையை முழுசாக எழுதி வைத்திருக்கிறாய், வாசலில் இருக்கும் மூன்று படியை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். அதைவிட வேடிக்கை என்ன தெரியுமா? மேடையில் செட்டுக்குப் போட்ட படியில், கடைசிக் காட்சி தவிர மற்றக் காட்சிகளில் மஞ்சு நாற்காலியோடு ஏறி இறங்க வேண்டும் என்பதற்காக இரும்புச் சட்டம் போட்டு, ஒட்டுப்பலகை அடித்து, அருமையான சாய்வுப் பலகை ஒன்றைச் செய்ய வைத்தாய். நடக்கத் தெரிந்த மஞ்சுவுக்கு மேடையில் சாய்வுப் பலகை. நடக்க முடியாத எனக்கு வாசலில் நாலு ஆள். அளவு பார்க்க வந்த மஞ்சுதான் இதை என்னிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, ஊசி குத்தியிருந்த தலைப்பைப் பிடித்துக்கொண்டே கேட்டாள், "ஆன்ட்டி, கடைசி சீன்ல அவரு தூக்க வரும்போது எனக்கு வசனமே இல்ல. நீங்களா இருந்தா என்ன சொல்லுவீங்க?" கேட்டாள், சொன்னேன். பேசு என்று நான் சொல்லவில்லை, பேசாதே என்றும் சொல்லவில்லை. இதற்குப் பெயர் சதி என்றால் இருந்துவிட்டுப் போகட்டும்.

நாடகத்தன்று மாலை உன் அப்பா என்னை மன்றத்துக்குத் தள்ளிக்கொண்டு வந்தார். படிக்கு நேர் கீழே நாற்காலியின் பிரேக்கைப் போட்டேன். வழக்கமான நாலு பேர் சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு வந்தார்கள். "வேணாம்பா, இன்னிக்கு யாரும் தூக்க வேணாம்" என்றேன். பரவாயில்லைங்க, எங்களுக்குச் சிரமம் இல்லைங்க என்றார்கள். "எனக்குச் சிரமம்" என்றேன். அவர்களுக்கு ஒன்றும் விளங்கவில்லை. கூட்டம் என்னை ஒட்டி ஒட்டி ஒதுங்கி ஏறிப் போனது. மன்றச் செயலாளர் ஓடி வந்தார். வேட்டி நுனியைக் கையில் பிடித்திருந்தார்.

"ஏங்க, இப்படி வழியில நின்னா எப்படிங்க? சீஃப் கெஸ்ட் வர்ற நேரம்."

"நான் வழியில நிக்கல சார். எனக்குத்தான் வழி இல்ல."

"தூக்கிக்கலாம்னு சொல்றாங்களே."

உன் அப்பா அப்போதுதான் வாயைத் திறந்தார். வீட்டில் டிவி ரிமோட்டுக்குக்கூடச் சண்டை போடாத மனிதர். "ஏன் சார், மைன்ஸ்ல அம்மாம்பெரிய மெஷின உள்ள எறக்குறோமே, எவனாவது தூக்கிக்கலாம்னு சொல்றானா? மொதல்ல ரேம்ப் போட்டுக்கினுதானே மத்த வேலை? ஒரு பொம்பளைக்கு மூணு படி மேல போவணும், அதுக்கு ஏன் சார் ஆள் தேடிக்கினு கீறீங்க?" பக்கத்தில் நின்ற மைன்ஸ்காரர்கள் கொல்லென்று சிரித்தார்கள். செயலாளருக்கும் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டார்.

நீ பாதி பவுடர் பூசிய முகத்தோடு வெளியே வந்தாய். குனிந்து என் காதருகில், "ம்மா, மானத்த வாங்காத. ரெண்டே நிமிஷம்" என்றாய். யார் மானம்டா என்று கேட்டேன். உள்ளிருந்து தரதரவென்று ஒரு சத்தம். மஞ்சு, நீலக் கரைப் புடவையை இடுப்பில் செருகிக்கொண்டு, அந்தச் சாய்வுப் பலகையை ஒரு முனையில் பிடித்து நடைபாதை நெடுக இழுத்து வந்துகொண்டிருந்தாள். என் வேஷத்தில் இருந்த ஒருத்தி எனக்கு வழி இழுத்து வருவதைப் பார்த்ததும் நாற்காலியின் பிரேக்கை எடுத்தேன். முதல் ஆளாக ஓடிப்போய் மறுமுனையைப் பிடித்தது, "அக்கா நல்ல வெயிட்டு" என்று முன்பு சொன்ன அதே மனிதர். படியின் மேல் பலகை உட்கார்ந்தது. சரிவு கொஞ்சம் அதிகம்தான். உன் அப்பா பின்னால் தாங்கிக்கொள்ள வேண்டியிருந்தது. ஆனால் சக்கரம் தரையைவிட்டுக் கிளம்பவில்லை. நான் என் கையால் சக்கரத்தை உருட்டி ஏறினேன்.

எனக்குப் பின்னால் என்ன நடந்தது என்று நீ பார்க்கவில்லை, மேடைக்கு ஓடிவிட்டாய். முழங்கால் வலிக்காரர்கள் எல்லாரும் படியை விட்டுவிட்டுப் பலகையில் ஏறி வந்தார்கள். டீ கேன்காரர் தன் சைக்கிளையே உருட்டி ஏற்றிவிட்டார். அவரிடம் யாரும் தூக்கிக்கலாம் என்று சொல்லவில்லை. நடு வரிசையில் ஓர நாற்காலி ஒன்றை எடுத்துவிடச் சொன்னேன். பிளாஸ்டிக் நாற்காலிதானே, ஒரு கையால் எடுத்துவிட்டார்கள். இத்தனை ஆண்டாக அதை யாருக்கும் எடுக்கத் தோன்றவில்லை. அந்த இடத்தில் என் நாற்காலி நின்றது. பக்கத்தில் உன் அப்பா உட்கார்ந்தார். கேட்டாயா, உட்கார்ந்தார். சட்டைப் பையிலிருந்து முந்திரிப் பொட்டலத்தை எடுத்து என் மடியில் வைத்தார். எனக்கு அழுகை வந்தது. யாரும் எட்டிப் பார்க்கவில்லை, ஏனென்றால் நான் கூட்டத்தோடு கூட்டமாக இருந்தேன்.

பலகை வாசலுக்கு வந்துவிட்டதால் மேடையில் மஞ்சு செட்டுப் படிக்குக் கீழேயே நின்றுவிட்டாள். மேலே போக வேண்டிய காட்சிகளையெல்லாம் கீழே இருந்தே, நிமிர்ந்து பார்த்தபடியே பேசினாள். கடைசிக் காட்சியில் நீ வந்தாய், இரண்டு கையையும் நீட்டினாய். அவள் உன்னை நிமிர்ந்து பார்த்துச் சொன்னாள்.

"தூக்காதப்பா. வழி போடு."

உன் கை அந்தரத்தில் நின்றது. அடுத்த வசனம் உன்னிடம் இல்லை. நீ என்ன செய்வாய் என்று எனக்கும் தெரியவில்லை. நீ கையை மடக்கிக்கொண்டு, அவள் பக்கத்தில் படியில் உட்கார்ந்தாய். அவ்வளவுதான், திரை போட்டுவிட்டார்கள். யாரும் எழுந்து நிற்கவில்லை, யாரும் கண்ணைத் துடைக்கவில்லை. எல்லாரும் ஒருமுறை வாசல் பக்கம் திரும்பிப் பார்த்தார்கள். பிறகுதான் தட்டினார்கள். "என் கிளைமாக்ஸ கெடுத்துட்டம்மா" என்று வீட்டில் பையை அடுக்கிக்கொண்டே சொன்னாய். மறுநாள் ஓசூர் பஸ் ஏறும்போதும் முகம் கொடுத்துப் பேசவில்லை. நீ எழுதியதிலேயே நல்ல கிளைமாக்ஸ் அதுதான். நீ எழுதாதது என்பதால் உனக்குப் பிடிக்கவில்லை.

உன் கை நல்ல கை என்று எனக்குத் தெரியாதா? ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாட்களில் கட்டிலிலிருந்து நாற்காலிக்கும், நாற்காலியிலிருந்து குளியலறைக்கும் என்னைத் தூக்கியது அந்தக் கைதான். பள்ளிக்கூடச் சட்டை நனைய நனையத் தூக்கினாய், ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. அதைச் சாகிறவரை மறக்க மாட்டேன். ஆனால் அன்றைக்கு வேறு வழி இல்லை, தூக்கினாய். வழி போட முடிந்த இடத்தில் தூக்குவதற்குப் பெயர் பாசம் இல்லை, சோம்பேறித்தனம். தூக்குகிறவன் ஊருக்குப் போய்விட்டால் அம்மா வீட்டில் இருக்க வேண்டும். நீ ஓசூருக்குப் போய்விட்டாய். நான் வீட்டில் இருக்கப் போவதில்லை. நாளைக்கு உனக்குக் கல்யாணம் நடக்கும், வீடு கட்டுவாய், இன்னும் நாடகம் எழுதுவாய். யாருக்காவது நல்லது செய்கிறேன் என்று கையை நீட்டும்போது, கையை நீட்டாமல் வேறென்ன செய்யலாம் என்று ஒரு நிமிடம் யோசி. அறிவுரை என்று உனக்குச் சொல்ல என்னிடம் இருப்பது இது ஒன்றுதான்.

நீ கிளம்பிய பிறகு நடந்ததைக் கேள். செயலாளர் வீட்டுக்கு வந்தார். "நாடகம் முடிஞ்சுதுல்லங்க, பலகைய எடுத்து ரூம்ல வெச்சிடலாமா?" என்றார். "வெச்சிடுங்க சார். அப்படியே பொங்கல் நாடகத்துக்கு டிரஸ் எல்லாம் வெளியில தெச்சிக்கோங்க" என்றேன். காபியை ஆற்றி ஆற்றிக் குடித்தார். குடித்து முடித்ததும் பலகை அங்கேயே இருக்கட்டும் என்று அவர் வாயாலேயே சொன்னார். உன் அப்பாவும் அவர் ஷிப்ட் ஆட்களும் போய்ச் சரிவைக் குறைத்து, முனையில் இன்னொரு பலகை சேர்த்து, போல்ட் போட்டு இறுக்கிவிட்டார்கள். அடுத்து கழிப்பறை. அதையும் அவரிடம் சொல்லிவிட்டேன், இரண்டாவது காபி கேட்காமல் போய்விட்டார்.

அதனால் பலகை பண்ருட்டிக்கு வராது. மஞ்சுவின் நீலக் கரைப் புடவை துவைத்து இஸ்திரி போட்டுத் தயாராக இருக்கிறது. உன் சட்டையில் அறுந்த பொத்தானையும் தைத்து வைத்திருக்கிறேன். மூட்டை கட்டி அலமாரியில் வைத்துப் பூட்டியாகிவிட்டது, சாவி என் இடுப்பில். நான் நுழைய முடியாத இடத்தில் என் கதையைப் போட நான் விடமாட்டேன். பண்ருட்டி அரங்குக்காரரிடம் பேசு. வாசலை நேரில் போய்ப் பார். நடு வரிசையில் அப்பா பக்கத்தில் எனக்கு இடம் எங்கே என்று கேள். பிறகு நான் எப்படி உள்ளே வரப் போகிறேன் என்று எனக்கு எழுது, அன்றைக்கே மூட்டையை அனுப்புகிறேன்.

என்ன வேண்டுமானாலும் எழுது. தூக்கிக்கலாம்மா என்று மட்டும் எழுதாதே.

உன் அம்மா